கொட்டாவி அக்காவின் ஆழ்கடல் உத்தியோகம்

கொட்டாவி விட்டுக்கொண்டே சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தாளுக்குப் பஞ்சம் வந்துவிடும். ஆனால் கொட்டாவி விடுவதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒருத்தி இருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசல் காவல்காரர் முதல் பெரிய டாக்டர் வரை அவளைக் கொட்டாவி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் முகத்துக்கு நேராக. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. பெரிய டாக்டருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ கௌரவம்.

வேலைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கொட்டாவி அவளிடம் இருந்தது. நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் விடுகிற மாதிரி சாதாரணக் கொட்டாவி அல்ல. முதலில் மூக்கின் ஓரம் லேசாக விரியும். கண்கள் எங்கோ தூரத்தில் படகு போவதைப் பார்ப்பது போலச் சொருகும். பிறகு வாய் அவசரமே இல்லாமல், கொட்டகையில் திரை விலகுவது போலத் திறக்கும். திறந்து, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கும். கடைசியில் ஒரு நீளமான 'ஹா', அதன் வாலில் மெல்லிய ராகம். பார்த்தவர்கள் யாரும் தப்பியதில்லை. இதைப் படிக்கும்போதே உங்கள் தாடை லேசாக அசைந்திருந்தால் பழி எழுத்தின் மேல் போக வேண்டாம். பெருமை முழுக்க அக்காவுடையது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இதனால் கிடைத்தது வகுப்புக்கு வெளியே ஒரு நிரந்தர இடம். சரித்திர டீச்சர் ஒரு பேரரசை எழுப்பி முடிப்பதற்குள் இவள் ஒரு கொட்டாவி விடுவாள், பெஞ்சு பெஞ்சாக அது பரவி, கடைசியில் டீச்சரிடமே வந்து சேரும், பேரரசு சரிந்துவிடும். பிறகு ஒரு துணிக்கடையில் வேலை. வாடிக்கையாளர் ஒருவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, கட்டுக் கட்டாகப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒன்று விட்டாள். அவர் விட்டார், அவர் மனைவி விட்டார், மடியிலிருந்த குழந்தை விட்டது. 'நாளைக்கு வரலாமே' என்று எழுந்து போய்விட்டார்கள். முதலாளி, "நீ நாளைலேர்ந்து வீட்லயே தூங்கும்மா" என்றார்.

மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்த ஒருவர் மட்டும் இதில் வேறொன்றைக் கண்டார். பஸ் நிறுத்தத்தில் அவள் விட்ட கொட்டாவியைப் பார்த்து, இப்படி ஒரு ஆள் கடை வாசலில் உட்கார்ந்தால் வியாபாரம் பிய்த்துக்கொள்ளுமே என்று நினைத்தாராம். நினைப்பு முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. மெத்தை வியாபாரம் அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில்தான் அங்கே அந்த இரும்புக் கூடு வந்து இறங்கியது.

பார்ப்பதற்கு நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றை மட்டும் அறுத்துக்கொண்டு வந்து ஒரு ஹாலில் கிடத்தியது போல இருக்கும். கனமான உருண்டைக் கதவு. இரண்டு பக்கமும் தட்டு அகலத்துக்கு வட்டக் கண்ணாடிகள். உள்ளே எதிரும் புதிருமாக நாற்காலிகள், சுவர் முழுக்க வெளிர்பச்சைப் பெயிண்ட். சேம்பர் என்று பெயர். நோயாளிகளை உள்ளே உட்கார வைத்துக் கதவை மூடி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து அழுத்தத்தை ஏற்றுவார்கள். கடலுக்குள் ஒரு வீட்டு உயரத்துக்கு இறங்கினால் உடம்பை என்ன அழுத்துமோ அந்த அழுத்தம். அந்த ஆழத்துக்குப் போனதும் ஒவ்வொருவர் தலையிலும் கண்ணாடிக் கூஜாவைக் கவிழ்த்தது போல ஒரு கவசத்தை மாட்டிச் சுத்தமான ஆக்சிஜனைக் கொடுப்பார்கள். அழுத்தத்தில் அது ரத்தத்தில் கூடுதலாகக் கரையும், அடிபட்ட இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது கணக்கு. ஆறாத புண்காரர்கள் வருவார்கள். தலையில் அடிபட்டு மூளை கலங்கியவர்களும் வருவார்கள்.

மூளைக்காரர்கள் விஷயத்தில் பெரிய டாக்டர் ஜாக்கிரதையானவர். "இது நிச்சயம் கேக்கும்னு ஒரு கூட்டம் சொல்லுது, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. நான் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கால வச்சு நிக்கிறேன்" என்று எல்லா உறவினர்களிடமும் சொல்லிவிடுவார். உறவினர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

சிக்கல் காதில் இருக்கிறது. அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். விமானத்தில் போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களுக்கு மலைப்பாதை பஸ்ஸில் தெரிந்திருக்கும். எச்சில் விழுங்கினாலோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாலோ, கொட்டாவி விட்டாலோ 'பட்'டென்று திறந்துகொள்ளும். திறக்காமலே இன்னும் ஆழம் போனால் வலி உயிர் போகும், செவிப்பறை கிழியும். சாதாரண ஆட்களிடம் 'விழுங்குங்க' என்றால் விழுங்குவார்கள். மூளையில் அடிபட்டவரிடம் 'விழுங்குங்க' என்றால், அந்தச் சொல் அவருக்குள் எந்தத் தெருவில் வழி தவறி நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்?

சேம்பரை வெளியே இருந்து இயக்குகிற ஆபரேட்டருக்கு மாலுமி என்று பெயர். கடலைக் கண்டாலே அவருக்கு வாந்தி வரும் என்பதால் வைத்த பெயர். அவர் ஒருநாள் நோயாளிகளை உள்ளே ஏற்றிவிட்ட அக்காவை வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கொட்டாவி விட்டாள். 'விழுங்குங்க, விழுங்குங்க' என்று நர்ஸ் ஒத்திகைக்காகக் கத்தியும் அசையாமல் கிடந்த நான்கைந்து பேரும் வரிசையாக வாயைத் திறந்தார்கள். வெளியே மாலுமியும் திறந்தார். மூடியதும் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னார்.

அதற்கப்புறம் பயிற்சி கொடுத்தார்கள், பருத்திச் சீருடை கொடுத்தார்கள். நோயாளிகளோடு சேர்ந்து உள்ளே போய், அவர்களோடு ஆழத்துக்கு இறங்கி, அவர்களோடு ஏறி வருகிற உத்தியோகம். தலையில் எண்ணெய் கூடாது, உதட்டில் சாயம் கூடாது, நைலான் கூடாது, போன் கூடாது. ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி பறந்தால் போதும்.

"கொட்டாவி விடறதுக்கு யூனிஃபார்ம் வேறயா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"உங்கண்ணனும் தினமும்தான் விடறாரு, யாராவது துணி தைச்சுக் குடுத்தாங்களா?" என்றாள் அக்கா.

கடலை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் தினமும் அதன் ஆழத்துக்குப் போய்த் துணி நனையாமல் திரும்பி வருகிறாள். இறங்கும்போது உள்ளே காற்று வெதுவெதுப்பாகும், கெட்டியாகும். பேசினால் குரல் மெலிந்து, வேறு யாரோ பேசுவது போலக் கேட்கும். வட்டக் கண்ணாடிக்கு வெளியே மீன் போகும் என்று நினைத்துக்கொள்வாள். தரை துடைக்கிற வாளி போகும், பெரிய டாக்டரின் தொப்பை போகும். அவையும் அந்த வெளிச்சத்தில் மீன்கள்தான். தலைக்கவசத்துக்குள் கண்ணை மூடி மூச்சு விடுகிறவர்களைப் பார்த்தால், எல்லோரும் ஒரே தூக்கத்தின் வெவ்வேறு அறைகளில் இருப்பது போலத் தோன்றும். ஏறும்போது இன்னும் விசேஷம். அழுத்தம் குறையக் குறையக் காற்று குளிர்ந்து, எங்கிருந்தோ பனிமூட்டம் வந்து சேம்பரை நிறைத்துவிடும். முகங்கள் மறைந்து, கழற்றி வைத்த கவசங்கள் மட்டும் குமிழிகளாக மிதக்கும். அந்த நேரத்தில் யாராவது அவளிடம் 'நீ யார், எந்த ஊர்?' என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவளுடைய நிரந்தரப் பயணிகளில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருக்குப் புது ஞாபகம் எதுவும் ஒட்டுவதில்லை. சேம்பரை விமானம் என்றே முடிவு செய்துவிட்டார்.

"எப்பம்மா தரையிறங்கும்?"

"இதோ, இறங்கிட்டே இருக்கோம் ஐயா."

"சாப்பாடு குடுப்பாங்களா?"

"இந்தக் கம்பெனில குடுக்கறதில்ல."

"அப்ப டிக்கெட்டுல கொறைச்சிருக்கணுமே" என்பார். தினமும் கேட்பார், தினமும் அதே கோபம். அவள் கொட்டாவிக்கு முதலில் விழுகிறவரும் அவர்தான்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த உத்தியோகத்தில்தான் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதி ஓட்டுவதைப் பார்த்தாலே அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். சாலையில் ஒரு கீறல் வாங்காத மனிதர். தன் ஸ்கூல் அலுவலகத்தில், 'கவனம் உயிர் காக்கும்' என்று எழுதிய பலகையைச் சுவரில் மாட்டுவதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றார். நாற்காலியின் கால் வழுக்கியது. அவ்வளவுதான். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபரேஷன் முடிந்து, ஐ.சி.யூ. முடிந்து, பல மாதங்களாயிற்று. ஊட்டினால் சாப்பிடுகிறார், பிடித்தால் நடக்கிறார், திருப்பினால் திரும்புகிறார். பேச்சில்லை. கண் திறந்திருக்கும், ஆனால் கண்ணுக்குப் பின்னால் கடை திறக்கவில்லை. அவர் மனைவி இப்போது ஸ்கூலையும் பார்த்துக்கொண்டு அவரையும் பார்த்துக்கொள்கிறாள். டாக்டரின் இரண்டு கால் பேச்சை அவள் முழுசாகக் கேட்டவள்.

"நிச்சயம் இல்லன்னு நீங்க சொல்றது புரியுது டாக்டர். முயற்சி பண்ணிப் பாக்காம விட்டுட்டேனேன்னு பின்னாடி தோணக்கூடாது, அவ்வளவுதான்."

அக்கா மாஸ்டரைத் தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள். கதவு மூடியது. 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று வர ஆரம்பித்தது. அக்கா தன் முதல் தரக் கொட்டாவியை எடுத்து விட்டாள். தபால்காரர் விழுந்தார். எதிரே புண்காலை நீட்டிக்கொண்டிருந்த அம்மாள் விழுந்தாள். மாஸ்டர் பல்லைக் கடித்தார். வலது காலைத் தரையில் ஓங்கி ஓர் உதை.

இன்னும் பெரிதாக ஒன்று விட்டாள். இன்னும் பெரிய உதை. தாடை இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டது. முகம் சிவந்து, கையால் காதைப் பொத்திக்கொண்டு ஒரு முனகல்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அக்கா மைக்கில் சொன்னாள். மாலுமி நிறுத்தி, மெதுவாக மேலே ஏற்றினார். அன்றைக்கு எல்லோருடைய சிகிச்சையும் தாமதம். மறுநாளும் அதே கதை. அக்கா தன் கையிருப்பில் இருந்த எல்லாக் கொட்டாவிகளையும் காட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதை. வலியில் உதைக்கிறார் என்று நர்ஸ் டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்தார். "செவந்திருக்கு. காது ஜவ்வுல ஒரு சின்ன ஓட்ட போட்டுட்டா பிரச்சினையே இல்ல. ஆனா கால்ல ரத்தம் கட்டுனதுக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு, இப்ப கத்தி வைக்க முடியாது. நாளைக்கு ஒரே ஒரு தடவ பாப்போம். காது திறக்கலன்னா இது அவருக்கு வேணாம்னு விட்டுடலாம்."

மாஸ்டரின் மனைவி தலையாட்டினாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எடுக்க அதில் ஒன்றுமில்லை.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவள் கொட்டாவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அவருக்கு மட்டும் ஒட்டலியே, ஏன்?" என்று மாலுமியிடம் புலம்பினாள்.

"அக்கா, மூளைல அடிபட்டவருக்கு ஒட்டாம போகலாம்ல?"

"தபால்கார ஐயாவுக்கு ஒட்டுதே."

"அவருக்கு விமானம்னே ஒட்டிடுச்சு, கொட்டாவி ஒட்டாதா?"

அன்று மாலை வேலை முடிந்து அவள் வாசலில் பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு சின்ன கார் வந்து நின்றது. கூரை மேல் 'எல்' என்று பெரிய எழுத்துப் பலகை. ஸ்டியரிங்கில் மாஸ்டரின் மனைவி. பின் சீட்டில் மாஸ்டர், பெல்ட் போட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு.

"ஏறுங்கக்கா, போற வழில விட்டுடறேன்."

அக்கா முன் சீட்டில் ஏறினாள். கால் வைக்கிற இடத்தில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் டிரைவருக்கு இருப்பது போல இந்தப் பக்கமும் பெடல்கள்.

"இது என்னம்மா, ரெண்டு செட்டு?"

"கத்துக்குடுக்கற வண்டி இல்லயா? அது மாஸ்டர் சீட்டு. ஓட்டறவங்க சொதப்புனா இங்கேருந்து பிரேக் போடணும். கால எடுத்து இந்தப் பக்கம் வச்சுக்குங்க, மிதிச்சுடாதீங்க."

வண்டி கிளம்பியது. சாலை விளக்குகள் இன்னும் எரியவில்லை. வெளிச்சம் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்க ஏறி இறங்கிய களைப்பு. அக்காவுக்கு ஒன்று வந்தது. வேலைக்காக விடுகிறது அல்ல, சொந்த உபயோகத்துக்கு.

பின்னால் 'தட்' என்று ஒரு சத்தம். அவள் சீட்டே குலுங்கியது.

மாஸ்டரின் மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து அவள் சிரித்து அக்கா பார்த்ததில்லை. "இந்த வண்டில கொட்டாவி விடாதீங்கக்கா. அவரு காலத்துல அதுக்குத்தான் முதல் திட்டு. கத்துக்க வந்தவங்க யாராவது வாயத் திறந்தா போதும், தடால்னு பிரேக்கடிச்சு ஓரங்கட்டச் சொல்லிடுவாரு. 'எறங்கு, போய் மூஞ்சக் கழுவிட்டு வா.' பிரேக் மாஸ்டர்னே பேரு. அவருக்கும் வரும்ல, அத பல்லக் கடிச்சு முழுங்கிடுவாரு. வண்டில உக்காந்து அவரு ஒரு கொட்டாவி விட்டு நான் பாத்ததே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். வண்டியும் மெல்ல ஓரத்தில் போய் நின்றது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் திரும்பி, பின் சீட்டைப் பார்த்தார்கள். மாஸ்டர் முன் சீட்டுக்கு அடியில் காலை அழுத்தியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, சாலையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வலில உதைக்கல," என்றாள் அக்கா. குரல் ஆழத்தில் பேசுகிற குரல் மாதிரி மெலிந்துவிட்டது. "எனக்குத்தாம்மா பிரேக் போட்டிருக்காரு."

ஒட்டவில்லை என்று அவள் நினைத்த கொட்டாவி ஒட்டித்தான் இருக்கிறது. அவர் அதை விழுந்தடித்துத் தடுத்திருக்கிறார். பொறுப்பில்லாத எவளோ ஒருத்தி ஓடுகிற வண்டியில் கொட்டாவி விடுகிறாள். அவள் பெரிதாக விடவிட, இவர் அழுத்தி அழுத்தி நிறுத்தப் பார்க்கிறார். அந்த இரும்பு வண்டியோ நிற்காமல் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு பேருடைய உயிரும் அவர் ஒரு காலில். இரண்டு நாளாக அந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கொட்டாவியே விடமாட்டாராம்மா? எங்கயுமே?"

"விடுவாரே. வீட்டு வாசல்ல வந்து நின்னதும் விடுவாரு. இன்ஜின ஆஃப் பண்ணுவாரு. நெசமாவே நின்னுடுச்சான்னு கொஞ்ச நேரம் காத வச்சுக் கேப்பாரு. ஹேண்ட்பிரேக் இழுப்பாரு. சட்டையோட மேல் பொத்தானக் கழட்டுவாரு. அப்பறம் ஒண்ணு விடுவாரு பாருங்க, நாள் முழுக்கச் சேத்து வச்சதெல்லாம் மொத்தமா. தெரு நாயெல்லாம் பதிலுக்கு ஊளையிடும்."

அக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் ஒரு மெத்தை விற்பனையாளரின் தீவிரத்தோடு யோசித்தார். "அப்ப நாளைக்கு நீ கொட்டாவி விடக்கூடாது."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

"உள்ள போயி நீ வாய மூடிட்டு இருக்கறதா? அவருக்குக் காது திறக்கறது அப்பறம், மொதல்ல உனக்கு வாய் மூடுமா?"

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "துணி தைக்கற ஊசி நூல் வேணும்னா தரேன் அண்ணி."

மறுநாள் சேம்பருக்குள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாஸ்டரின் மனைவி வெளியே வட்டக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். கட்டுப்பாட்டு மேஜையில் மாலுமி. அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பெரிய டாக்டர். அக்கா எல்லோரிடமும் முன்பே பேசிவிட்டாள். மற்றவர்கள் விழுங்குவதற்குத் தண்ணீர்; கொட்டாவிக்கு இன்று விடுமுறை. தபால்காரரிடம் சொன்னதைத் தபால்காரர் மறந்துவிட்டார்.

கதவு மூடியது. 'ஸ்ஸ்ஸ்.' காற்று வெதுவெதுத்தது. மாஸ்டரின் வலது கால் மெல்ல முன்னே போய்த் தரையில் தயாராக நின்றது. அக்கா இப்போதுதான் அந்தக் காலைச் சரியாகப் பார்த்தாள். வலிக்கிறவன் கால் அல்ல, வேலையில் இருக்கிறவன் கால்.

அவர் கை காதுக்குப் போனது.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. 'ஸ்ஸ்ஸ்' நின்றது. சேம்பருக்குள் இவ்வளவு அமைதி இதற்கு முன் இருந்ததில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நடுக்கடலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்," என்றாள் அக்கா, பாடம் படிக்க வந்த பெண்ணின் பணிவோடு. "வண்டிய ஓரங்கட்டிட்டேன் மாஸ்டர். நியூட்ரல் பண்ணிட்டேன். இன்ஜின் ஆஃப்."

அவர் தலை லேசாகச் சாய்ந்தது. கேட்கிறார்.

"கிர்ர்ரக்" என்று அக்கா வாயாலேயே ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கை நீட்டி அவர் கழுத்தடியில் இருந்த கவுன் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். "கிளாஸ் முடிஞ்சுது மாஸ்டர். வீடு வந்தாச்சு."

சரியாக அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வந்தது. மூக்கோரம் விரிந்தது. தூரத்தில் படகு தெரிந்தது. இத்தனை நாளும் சோறு போட்ட கொட்டாவி, வாசலில் வந்து நின்று தட்டுகிறது. இப்போது திறந்தால் மாஸ்டர் பிரேக் அடிப்பார்; இன்றைக்கு அடித்தால் இனி அடிப்பதற்கு வண்டி கிடையாது. அக்கா நாக்கைக் கடித்தாள். கட்டை விரலை உள்ளங்கையில் நகம் பதிய அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பள்ளிக்கூடமும் துணிக்கடையும் விரட்டியபோதும் அடக்காத ஒன்றை, ஒரு டிரைவிங் மாஸ்டருக்காகத் தொண்டைக்குள் போட்டு மூடினாள்.

"எப்பம்மா தரையிறங்கும்?" என்றார் தபால்காரர்.

"எறங்கியாச்சு ஐயா" என்றாள் அக்கா, பல்லிடுக்கில்.

மாஸ்டரின் கால் தரையிலிருந்து மெல்லப் பின்னுக்கு வந்தது. தோள்கள் இறங்கின. மூக்கு விரிந்தது. எங்கோ ஒரு தெருவில், எங்கோ ஒரு வாசலில், மனிதர் வந்து சேர்ந்துவிட்டார். வாய் திறந்தது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்த கொட்டாவி, திறந்துகொண்டே போனது, கடைவாய்ப் பல் தெரிந்தது, அதற்குப் பின்னால் என்ன இருக்குமோ அதுவும் தெரிந்தது. கடைசியில் ஒரு 'ஆஆஹ்'.

காது திறந்ததை முகத்தில் பார்க்க முடிந்தது. சுருங்கியிருந்த நெற்றி, சலவை மடிப்பு பிரிந்தது போல விரிந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? தபால்காரர் விழுந்தார். புண்கால் அம்மாள் விழுந்தாள். கண்ணாடிக்கு வெளியே மாஸ்டரின் மனைவி அழுதுகொண்டே விட்டாள். மாலுமி விட்டார். இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிற பெரிய டாக்டர், கட்டிய கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவும் கடைசி ஆளாக, அனுமதி வாங்கிக்கொண்டவள் போல, மறுபக்கம் திரும்பி விட்டாள்.

அன்று சேம்பர் ஆழத்துக்குப் போனது டவுன் பஸ் மாதிரி. கொஞ்சம் இறங்கும், நிற்கும், ஹேண்ட்பிரேக், வீடு வந்தாச்சு மாஸ்டர், ஒரு கொட்டாவி, மறுபடி புறப்படும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் நம்பினார். ஆழம் வந்ததும் கவசத்தை மாட்டினார்கள். ஆக்சிஜன் வந்தது. மாஸ்டர் வேலை முடிந்த மனிதராகக் கண்ணை மூடிக்கொண்டார். பச்சை வெளிச்சம் எல்லோர் மேலும் தண்ணீர் போல ஆடியது. அக்காவுக்கு, தானும் அந்தச் சின்னக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, யாரோ நல்ல டிரைவர் ஓட்ட, கடலின் தரையில் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. மீன்கள் வழிவிட்டன. வாளி ஒன்று இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது.

ஏறுகிற நேரம் வந்தது. கவசங்களைக் கழற்றினாள். காற்று குளிர்ந்தது, பனிமூட்டம் வந்து எல்லோரையும் மூடியது. கண்ணாடியும் வெளுத்தது, வெளியே நின்ற மனைவியின் முகம் ஒரு கறையாகிவிட்டது.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். பனியைப் பார்த்தார். அவருடைய வலது கை முழங்கையில் ஊன்றி மேலே எழுந்தது. ஆள்காட்டி விரல் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவசரமில்லாமல், ஒரே தாளத்தில்.

வெளியே மனைவி கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, அதை மங்கலாகப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

கதவு திறந்ததும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான். மாலுமி சொல்லிக்கொண்டிருந்தார்: "டாட்டா காட்டுறாரு! உங்களப் பாத்து டாட்டா காட்டுறாரும்மா!" டாக்டர்கூட, "ம், ஒரு அறிகுறின்னு சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

அக்காவுக்கு வாய் குறுகுறுத்தது. அது டாட்டா இல்லை. பனி வந்தால் எந்த டிரைவிங் மாஸ்டரும் சொல்லிக்கொடுப்பது அது. நேற்று வரை இவரைத் தப்பாகப் படித்தது போதும், இன்று உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த முகத்தில் இப்போதுதான் வந்த வெளிச்சம் என்ன ஆகும்? அவள் மாஸ்டரின் மனைவியைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அது வந்து..."

"வைப்பர்தானேக்கா?" என்றாள் அவள்.

அக்கா திகைத்துப் போனாள்.

"அவரு வைப்பர் போடச் சொல்றது எனக்குத் தெரியாதா? அவர்கிட்டதான் நானே ஓட்டக் கத்துக்கிட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்பிப் போய்க் கணவரின் கவுன் முடிச்சை மறுபடி கட்டினாள். "வைப்பர் எதுக்குப் போடுவாங்க? எதுர்ல இருக்கறது தெரியறதுக்கு. எதுர்ல யாரு நின்னுட்டிருந்தா?"

அக்கா திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் திறந்த கதவைப் பார்த்தபடி, வலது காலை நீட்டாமல், சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் இதே நேரந்தானே?" என்றாள் மனைவி.

"இதே நேரந்தாம்மா" என்றாள் கொட்டாவி அக்கா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு.